இரண்டு குத்துக்கு மேல் கிடையாது

ஊசி குத்துகிறவளைப் பார்த்துச் சந்தோஷப்பட்டவர் யாருமில்லை. அது தெரிந்துதான் இந்த வேலைக்கு வந்தேன். நீங்களும் என்றாவது சட்டைக் கையை மடித்துவிட்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். வலி உங்களுக்கு, வசவு எனக்கு. ஆகவே நாம் ஒரே கட்சி.

காதர் பாய் எழுந்து போனார்

சிராங்கூன் சாலைப் பக்கத்தில் இருக்கிற பாலிகிளினிக்கில், ரத்தம் எடுக்கும் அறையில் நாங்கள் மூன்று நர்ஸ்கள், இந்த ஊர் வழக்கில் மிஸிகள்: நான், ஜமீலா, மேய் ஃபோங். ஒருத்தி இரண்டு தடவைதான் குத்தலாம், நரம்பு சிக்காவிட்டால் அடுத்தவளைக் கூப்பிட வேண்டும் என்பது விதி.

காதர் பாய்க்குத் தேக்கா சந்தை மாடியில் தையல் கடை. சிறுநீரகம் சரியில்லை. ரத்தம் பார்க்காமல் மருந்தின் அளவை மாற்ற முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கால் வீங்கி, ஷூ நுழையாமல், ரப்பர் செருப்பில் வந்தார். வலது கை கத்தரிக்கோல் பிடிக்கிற கை, அதைத் தொடக் கூடாது என்றார். இடது கையில் நரம்பு இருப்பதற்கான அறிகுறியே இல்லை. நான் இரண்டு, ஜமீலா இரண்டு. மேய் ஃபோங் அன்று லீவு. பாய் சட்டைக் கையை இறக்கிவிட்டார். இனி இந்தப் பக்கமே வருவதில்லை என்றவர், கதவருகே நின்று சொன்னார்: “எனக்கும் ஊசிதான் மிஸி தொழில். ஒரே எடத்துல நாலு தடவ குத்துனா கஸ்டமர் துணிய மூஞ்சியில எறிவாங்க.”

புதன்கிழமைக் கூட்டம்

விஷயம் மேலே போயிற்று. இனி புதன்தோறும் அனுபவப் பகிர்வு என்று எங்கள் மேலதிகாரி சிஸ்டர் அறிவித்தார். பெரிய திரை, வண்ண வண்ணப் படங்கள், நடுவில் பயிற்சிக்கான ரப்பர் கை. யாருக்காவது பகிர ஏதாவது உண்டா என்று கேட்டார். ஏர்கான் மட்டும் பேசியது.

கூட்டம் முடிந்து, டீ போடுகிற பேன்ட்ரிக்குள் நுழைந்ததும் மூன்று பேரும் ஒரே நேரத்தில் ஆரம்பித்தோம். கையில் சுடுதண்ணீர்த் துண்டு சுற்ற வேண்டும் என்றாள் ஜமீலா. கண்ணால் தேடாதே, கண்ணை மூடிக்கொண்டு விரலால் தேடு, முழங்கைக்குக் கீழே வெளிப்பக்கம் பார் என்றாள் மேய் ஃபோங். இதை ஏன் உள்ளே சொல்லவில்லை என்று நான் கேட்டேன். ஜமீலா சொன்னாள்: “உள்ள அந்த ரப்பர் கைதானே இருக்கு? அதுக்குத்தான் எல்லா நரம்பும் நல்லாருக்குலா.”

ரயிலில் ஒரு கை

எங்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ரயிலில் முகத்தைப் பார்க்க மாட்டோம், கையைப் பார்ப்போம். அன்று நானும் ஜமீலாவும் வீடு திரும்பும்போது எதிரே ஒருவர் நின்றிருந்தார். கம்பியைப் பிடித்த கையில் ஒன்றுமில்லை. அரிசி மூட்டையோடு கீழே தொங்கிய கையில் மட்டும் நரம்பு கயிறு கயிறாகப் புடைத்திருந்தது. பாரமும் தொங்கலும் சேர்ந்தால் பாய்க்கும் எழும்புமோ என்று குனிந்து பார்த்துப் பேசிக்கொண்டே வந்தோம். அவர் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார். பக்கத்தில் இருந்த பெண் மெதுவாகச் சொன்னாள்: “அக்கா, அவரு என் வீட்டுக்காரரு.”

ஒரே குத்து

பாய் வராமலே இருந்தார். அந்தக் கால் வீக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்று தெரிந்ததால் எனக்குச் சோறு இறங்கவில்லை. ரவிக்கைத் துணியோடு தேக்கா மாடி ஏறினேன். அளவு எடுத்தார், துணியைக் குறை சொன்னார், நான் சாப்பிடாமல் வந்திருப்பதைச் சொன்னதும் கடைசியில் இறங்கி வந்தார். ஆனால் ஒரே ஒரு குத்து. தவறினால் ரவிக்கையும் கிடையாது.

மறுநாள் வந்தார். ஜமீலா துண்டைச் சுற்றினாள். பாயின் துணிப் பையையே அவர் இடது கையில் கொடுத்துத் தொங்கவிடச் சொன்னேன். மேய் ஃபோங் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் தடவினாள். பிறகு கண்ணைத் திறந்து குத்தினாள். குழாயில் ரத்தம் ஏறியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. மாஸ்க் இருந்ததால் மரியாதை தப்பியது. பாய் எங்கள் மூவரையும் பார்த்துச் சொன்னார்: “ஒரு குத்துக்கு மூணு பேரா? என் கடையில கட்டுப்படியாகாது.”

காத்திருப்போர் வரிசை

அடுத்த முறை பாய் ஷூ போட்டு வந்தார். மருந்து மாறி, வீக்கம் வடிந்திருந்தது. அடுத்தவரைக் கூப்பிட வெளியே எட்டிப் பார்த்தேன். நாற்காலி வரிசையில் ஆறேழு பேர் தேக்கா சந்தைப் பையை ஒரு கையில் தொங்கவிட்டபடி விறைப்பாக உட்கார்ந்திருந்தார்கள். எக்ஸ்ரேவுக்கு வந்தவர்கூட ஒருவர் இருந்தார். நடுவில் பாய், பக்கத்து ஆளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: “கீழ வைக்காதீங்க. நாம நரம்பக் காட்டலன்னா இதுங்க பாவம், சாப்பிடாம கடைக்கே வந்துடுதுங்க.”

புதன்கிழமைக் கூட்டத்தில் இன்றும் ஏர்கான் மட்டும்தான் பேசுகிறது, நாங்கள் பேன்ட்ரிக்குப் போகக் காத்திருக்கிறோம்.