இப்போதைக்கு ஓடும் லாரி

"இனிமே இன்னொருத்தன் வண்டியில என்னை ஏத்தணும்னா, என் பொணத்தைத்தான் ஏத்தணும்!"

டீக்கடை பெஞ்சின் மேல் ஏறி நின்று இதை அறிவித்தவர், அதுவரை பிறருடைய லாரிகளை ஓட்டிப் பிறரைப் பணக்காரர்களாக்கிய ஒரு டிரைவர். அன்று காலைதான் சொந்தமாக ஒரு பழைய லாரி வாங்கியிருந்தார். பேச்சின் கம்பீரத்தில் சொக்கிப்போன தெரு, அந்த நிமிடமே அவருக்கு 'முதலாளி' என்று பட்டம் சூட்டிவிட்டது. டீக்கடைக்காரர் மட்டும் நிதானம் இழக்கவில்லை. "முதலாளி, மெதுவா எறங்குங்க. அந்த பெஞ்சும் பழசு வாங்கினதுதான்" என்றார்.

லாரியின் அருமை பெருமைகளைச் சொல்லாமல் முதலாளியின் வாழ்க்கையைச் சொல்ல முடியாது. வைப்பரைப் போட்டால் ஹாரன் அலறும். டிரைவர் பக்கத்துக் கதவை உள்ளிருந்து திறக்க வழியில்லை. ஜன்னலுக்கு வெளியே கையை விட்டு, யார் வீட்டுக்கோ திருட வந்தவர் போலத் திறக்க வேண்டும். ஆனால் டயர்கள் புதியவை. பேட்டரி புதியது. கியர் பாக்ஸோ அதிசயம். கியர் விழுவது காதுக்கே கேட்காது. சிமெண்டுக் கடைக்காரர் இந்த லாரியை நம்பித்தான் கிடங்கிலிருந்து கடைக்குத் தினசரி லோடு அடிக்கும் வேலையை முதலாளிக்குக் கொடுத்தார்.

"லோடு நேரத்துக்கு வரணும். வழியில நின்னுச்சுன்னா வேற வண்டி பாத்துக்குவேன், மனசுல எதுவும் வச்சுக்கக் கூடாது."

"என் வண்டியா? நிக்கிறதா?" என்று முதலாளி சிரித்தார். அந்த வாரமே கிளட்ச் போயிற்று.

இங்கேதான் மச்சினன் வருகிறான். முதலாளியின் மனைவிக்குத் தம்பி, மெக்கானிக். ஊர்க்கோடியில் தகர ஷெட். ஷெட்டுக்குப் பின்னால், என்றோ யாரோ விட்டுப்போன ஒரு லாரியின் எலும்புக்கூடு. அதன்மேல் கொடி படர்ந்து, உள்ளே ஒரு பெட்டைக்கோழி குடும்பம் நடத்திவந்தது. அன்பான பையன். வேலைக்குக் காசு கேட்கவே அவனுக்குக் கூசும்.

"நமக்குள்ள என்ன மாமா காசு? முன்னாடி ரெண்டு டயரும் புதுசா இருக்கு பாருங்க, அதை மட்டும் கழட்டிக்கிறேன். இப்போதைக்கு இந்தப் பழசை மாட்டி ஓட்டுங்க."

கையிலிருந்து ஒரு பைசா போகாமல் கிளட்ச் சரியானதில் முதலாளிக்கு ஏக மகிழ்ச்சி. வீட்டில் தையல் மிஷினை மிதித்துக்கொண்டிருந்த மனைவியிடம் இதைப் பெரிய வியாபார சாமர்த்தியமாக விவரித்தார். அவள் மிதிப்பதை நிறுத்தினாள்.

"ஏங்க, அவன்கிட்ட ரொம்ப வச்சுக்காதீங்க."

"என்னம்மா இப்படிச் சொல்றே? உன் தம்பியாச்சே!"

"அதனாலதான் சொல்றேன்."

பழைய டயர்கள் பாரத்துக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்தன. அந்தச் சாய்வில் ஸ்பிரிங் பட்டை ஒடிந்தது. பட்டையை மாற்றிய கூலிக்குப் புதுப் பேட்டரி போயிற்று. இப்போதைக்கு என்று கிடைத்த பேட்டரி சாகக் கிடந்ததால், அதை எழுப்பி எழுப்பியே, வண்டியைக் கிளப்பும் செல்ஃப் மோட்டார் எரிந்தது. மோட்டாருக்கு ரேடியேட்டரும் பின் டயர்களும் போயின. இப்படி ஒவ்வொரு வைத்தியமும் அடுத்த நோயைக் கையோடு கூட்டிவந்தது. முதலாளி வண்டியை மேட்டில் மட்டுமே நிறுத்தப் பழகினார், உருட்டிவிட்டால்தானே கிளம்பும்? மேடில்லாத தெருக்களிலிருந்து வரும் லோடுகளை, "அந்தப் பக்கம் எனக்குச் சரிப்படாது" என்று கௌரவமாக மறுத்தார். மழை நாட்களில் ஹாரன் அலறலோடு ஊர்வலம் போனார்.

இடையில் ஷெட்டுக்குப் பின்னால் கொடியை யாரோ வெட்டியிருந்தார்கள். கோழியைக் காணவில்லை. எலும்புக்கூடு நான்கு டயர்களில் நின்றுகொண்டிருந்தது.

"பொழுது போகலைன்னு சும்மா தட்டிக்கிட்டிருக்கேன் மாமா" என்றான் மச்சினன்.

அன்று முதலாளி வந்திருந்தது டீசல் பம்புக்காக. கழற்றிக் கொடுக்க லாரியில் நல்ல பொருள் ஒன்றுதான் பாக்கி. மச்சினன் டீ வாங்கிவரச் சொல்லிவிட்டு, கியர் பாக்ஸை மிகுந்த மரியாதையோடு பார்த்தான்.

"வேணாம் மாப்ள. அது மட்டும் இருக்கட்டும்."

"சரி மாமா. நாளைக்கு லோடுக்கு என்ன பண்ணுவீங்க?"

முதலாளி டீயைக் குடித்து முடித்தார். அதற்குமேல் குடிக்க எதுவும் இல்லாதபோது, "கழட்டு" என்றார். மனைவியிடம் அவர் அதைச் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை, கறுத்துப்போன கைகளைக் கழுவ அவர் வந்தபோது சோப்பை எடுத்து நீட்டினாள்.

இப்போதைக்கு மாட்டிய கியர் பாக்ஸ் மறுநாளே பாலத்தின் நடுவில், முழு லோடோடு, மூன்றாம் கியரைப் பிடித்துக்கொண்டு விட மறுத்தது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. அப்போது மழை பிடித்தது. பழைய தார்ப்பாயில் எத்தனை ஓட்டை என்பது முதலாளிக்கு முன்பே தெரியும். சிமெண்டுக் கடைக்காரருக்கு அன்று தெரிந்தது. அவர் குடையோடு வந்து, கல்லாகிக்கொண்டிருந்த மூட்டை ஒன்றை விரலால் தட்டிப் பார்த்தார். கத்தவில்லை. "சொல்லியிருந்தேன்ல" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். கத்தியிருந்தால் முதலாளிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

கயிறு கட்டி இழுத்துவரப்பட்ட லாரி, ஷெட்டுக்குப் பின்னால், காலியாகியிருந்த இடத்தில் விடப்பட்டது. காலியாகியிருந்தது என்றால், அங்கே இருந்த எலும்புக்கூடு ஓடத் தொடங்கிவிட்டது என்று பொருள். சிமெண்டு லோடு இனி அதற்குத்தான். துரோகம் என்று பெயர் வைக்கவும் வழியில்லை. ஒவ்வொன்றும் அவர் சம்மதத்தோடு, டீ குடித்தபடி நடந்தது.

சில நாள் கழித்து மச்சினன் வீட்டுக்கு வந்தான். உட்காராமல் வாசலிலேயே நின்றான்.

"மாமா, என் வண்டிக்கு டிரைவர் யாரும் சரியா அமையல. அதுல இருக்கறதெல்லாம் உங்க கைக்குப் பழகினதுதான். தப்பா நெனைக்காதீங்க."

தையல் மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது. முதலாளி சட்டையைப் போட்டுக்கொண்டு, பொத்தானை ஒரு துளை மாற்றிப் போட்டு, அவிழ்த்து, சரியாகப் போட்டார்.

"எத்தனை மணிக்கு லோடு?" என்று கேட்டார்.

தெருவில் நின்ற லாரியின் கதவு உள்ளிருந்தும் திறக்கும்படி இருந்தது. ஏறி உட்கார்ந்தார். கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பினார். சாவியைத் திருகியதும் ஒரே திருகில் கிளம்பியது. முதல் கியரைப் போட்டார். காதுக்கே கேட்கவில்லை.