ஸ்டேடியம் பஸ் ஓட்டிய கன்னியப்பன்

மரக்காணத்திலிருந்து பாண்டிச்சேரி வரை அந்தக் கரையோரத்தில் கன்னியப்பனைத் தெரியாதவர்கள் கிடையாது. ஆனால் அவனை முழு ஆளாகப் பார்த்தவர்கள் குறைவு. எல்லோருக்கும் அவன் ஒரு தலை, இரண்டு கை, ஒரு ஸ்டியரிங். இடுப்புக்குக் கீழே பஸ்ஸோடு ஒட்டிப் பிறந்தவன் என்று அனுமந்தையில் மீன்கூடையோடு ஏறும் பெண்கள் கேலி பேசுவார்கள். கேலிதான் என்றாலும் பெரிய பொய்யில்லை.

டிரைவர் பக்கத்துக் கதவு துருப்பிடித்துக் கழன்று போனதால் கம்பி போட்டு இறுக்கிக் கட்டியிருந்தார்கள். ஜனங்கள் ஏறும் படியில் ஏறி, கொதிக்கும் பானட்டின்மேல் காலைத் தூக்கிப் போட்டு, அந்தப்பக்கம் சீட்டில் போய் விழ வேண்டும். இறங்கவும் அதே வழிதான். பஸ் நிறைந்துவிட்டால் இறங்குவதைப் பற்றி நினைக்கவே வேண்டாம்.

வண்டியைத் தின்றது உப்பு. முதலாளி சிவப்பிரகாசத்துக்கு உப்பளமும் உண்டு, பஸ்ஸும் உண்டு. இரண்டையும் தனித்தனியாக வைத்திருக்கலாம் என்ற எண்ணம் மட்டும் அவருக்கு வரவில்லை. பாத்தியிலிருந்து வாரியெடுத்த, ஈரம் காயாத உப்பை மூட்டை கட்டி பஸ் டாப்பில் ஏற்றுவார். வழியெல்லாம் அது கசியும். கசிந்த தண்ணீர் தகரத்தைத் தின்றது, சன்னல் கம்பியைத் தின்றது, கடைசியில் பேட்டரி வரைக்கும் போய்ச் சேர்ந்தது. செல்ஃப் எடுக்காத வண்டி என்று பெயர் வாங்கிவிட்டது. காலையில் உப்பளத்து ஆட்கள் கூடித் தள்ளிவிட்டால் புறப்படும். புறப்பட்ட பிறகு கன்னியப்பன் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கக் கூடாது. எடுத்தால் ரெண்டு இருமல் இருமிவிட்டு எஞ்சின் அணைந்துவிடும்.

"புது பேட்டரி ஒண்ணு வாங்கிப் போடுங்க மொதலாளி" என்று கேட்டுப் பார்த்தான்.

"எதுக்கு? அதையும் உப்பு திங்கறதுக்கா? தள்ளறதுக்கு ஆளு இல்லாத ஊருக்கா பஸ்ஸு உடறோம்? போப்பா" என்றார் சிவப்பிரகாசம்.

கன்னியப்பன் சீட்டுக்குத் திரும்பினான். அவனும் உப்பளத்தில் பிறந்தவன்தான். சேற்றில் வரிசையாக நின்று பாத்தி மிதித்தவன். அந்த வெள்ளை வெயிலில் கண் கூசிக் கண் கூசி, இதிலிருந்து தப்பினால் போதும் என்று உப்பு லாரியில் கிளீனராக ஏறி, லைசென்ஸ் எடுத்து, இந்த சீட்டுக்கு வந்து சேர்ந்தவன். ஊரில் அதைப் பெரிய உயர்வு என்றார்கள். அளத்தில் வேலை முடிந்தால் வரப்பேறிக் கால் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். இங்கே அதுவும் இல்லை.

தாய் தகப்பன் போனபிறகு அவன் வளர்த்த தம்பி தட்சணாமூர்த்தி. அண்ணன் லாரியில் ஊர் ஊராகப் போயிருந்த காலத்தில் அளத்தில் பாத்தி மிதித்தே வளர்ந்தவன். மழைக்காலத்தில் அளத்து வேலை நின்றதும் உப்பளத்துப் பையன்கள் கடற்கரை மணலில் பந்து ஆடுவார்கள். தட்சணா அங்கே ஆடினான். அங்கிருந்து கோட்டக்குப்பத்து டீமுக்கு, அங்கிருந்து பாண்டிச்சேரியில் ஒரு பெரிய கிளப்புக்கு. பூட்ஸ் கிடையாது, வெறுங்கால்தான். உப்பில் ஊறி இறுகிய கால். பூட்ஸ் போட்டவன் இடித்தால் பூட்ஸ்காரன்தான் நொண்டுவான் என்று ஊரே சொல்லிக்கொண்டது.

அந்தச் சமயத்தில்தான் பாண்டிச்சேரியில் புது ஸ்டேடியம் வந்தது. ஊர் நடுவில், மார்க்கெட்டிலிருந்து கூப்பிடு தூரம். பெரிய சுவர், பெரிய வாசல். பெரிய மனிதர்களின் கார் உள்ளே வரத் தனி வழி. பஸ் எங்கே வந்து நிற்கும் என்று மட்டும் கட்டினவர்கள் யாரும் யோசிக்கவில்லை. பந்தாட்டம் பார்க்க வருகிறவன் ஆகாசத்திலிருந்து குதிப்பான் என்று நினைத்தார்களோ என்னவோ. பஸ் ஸ்டாண்டிலிருந்து வெயிலில் நடந்து நடந்து ஜனங்கள் அலுத்துப் போனார்கள். கடைசியில் சிவப்பிரகாசம் யாரையோ பிடித்து, ஆட்டம் நடக்கும் நாட்களில் மட்டும் தன் பஸ் ஸ்டேடியம் வரைக்கும் போக அனுமதி வாங்கிவிட்டார். ஸ்டேடியத்தின் பின்பக்கச் சுவரை ஒட்டி ஒரு சந்து. அங்கே போய் நிற்கலாம். ஆட்டம் முடிந்ததும் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு கிளம்ப வேண்டும்.

கன்னியப்பனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தம்பி ஆடுவதை அவன் ஒருநாளும் பார்த்ததில்லை. இனி வாராவாரம் பார்க்கலாம் என்று ஆராயியிடம் சொன்னான். ஆராயி அவன் பெண்டாட்டி, உப்பு சுமப்பவள்.

முதல் நாளே அந்த ஆசையில் மண் விழுந்தது. பஸ் சந்துக்குள் போய் நின்றது. ஜனங்கள் குதித்து உள்ளே ஓடினார்கள். ஆராயியும் ஓடினாள். கன்னியப்பன் எழுந்திருக்கப் போய், எழுந்திருக்க முடியாது என்று அப்போதுதான் உணர்ந்தான். காலை எடுத்தால் எஞ்சின் அணையும். அணைந்தால் தள்ள ஆள் வேண்டும். தள்ளுகிற ஆட்களெல்லாம் சுவருக்கு உள்ளே. சுவருக்கு வெளியே அவனும் பஸ்ஸும் மட்டும். ஊரையே ஆட்டத்துக்குக் கொண்டு வந்து சேர்த்தவன் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

ஒரு தரம் கண்டக்டர் பக்கிரியைக் கெஞ்சி, தன் சீட்டில் உட்கார்ந்து ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொன்னான். பானட்டைத் தாண்டிப் படிக்கு வருவதற்குள் உள்ளே கோல் என்று சத்தம் எழுந்தது. பக்கிரி இரண்டு காலையும் தூக்கிக் குதித்துவிட்டான். எஞ்சின் அணைந்தது. ஆட்டம் முடிந்து கூட்டம் வந்து தள்ளிக் கிளப்புவதற்குள் அடுத்த டிரிப் தவறிப்போய், மார்க்கெட்டில் காத்திருந்த மீன்காரப் பெண்களெல்லாம் சிவப்பிரகாசத்தின் வீட்டு வாசலுக்கே வந்து கத்தினார்கள்.

"இன்னொரு தபா வண்டி நின்னுது, சாவிய வெச்சிட்டு அளத்துக்குப் போயிடு. பாத்தி மிதிக்க ஆளு பத்தல" என்றார் அவர்.

அதற்குப் பிறகு கன்னியப்பன் அசையவில்லை. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் போனான். சுவரைப் பார்த்தான். சத்தத்தைக் கேட்டான். திரும்பும்போது பஸ் முழுக்க அவனுக்குத் தம்பியின் ஆட்டத்தைச் சொன்னது. எப்படி வளைந்தான், எப்படி ஏமாற்றினான், யார் மேலும் படாமல் எப்படிப் புகுந்து போனான் என்று ஆளாளுக்குச் சொல்வார்கள்.

"நம்ம தட்சணாவா அதுன்னு ஆயிப்போச்சுங்க எனக்கு. அளத்துல குனிஞ்சிக்கினே கெடக்கற புள்ள, அங்க இன்னாமா நிமிந்து ஓடுது! கண்ணு பட்டுடும்" என்றாள் ஆராயி.

கன்னியப்பனுக்குப் பொறாமையாக இருந்தது. வெட்கம் கெட்ட பொறாமை. ஊரில் இருக்கிற சோம்பேறிகளெல்லாம் பார்த்துவிட்டார்கள், எடுத்து வளர்த்தவன் பார்க்கவில்லை. ராத்திரி சாப்பிடும்போது தம்பி கேட்பான்: "இன்னைக்காவது பாத்தியாண்ணே?"

"பாக்காம? அந்த ரெண்டாவது கோலுக்கு முன்னாடி ஒருத்தன தாண்டினியே, பிரமாதம்டா" என்பான் கன்னியப்பன், பஸ்ஸில் கேட்டதை வைத்து. தம்பி சிரித்துக்கொண்டு சோற்றைப் பிசைவான்.

அந்த வருஷத்து ஃபைனலுக்கு தட்சணாவின் கிளப் வந்தது. பெங்களூரில் ஒரு ஃபேக்டரி டீமுக்கு ஆள் எடுக்க இரண்டு பேர் ஆட்டம் பார்க்க வருகிறார்கள், தட்சணாவை ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார்கள், ஆட்டம் முடிந்த கையோடு ஜீப்பில் ஏற்றி விழுப்புரத்துக்குக் கொண்டுபோய் ரயிலில் அழைத்துப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. வேலை, குவார்ட்டர்ஸ், எல்லாம் உண்டு. இனி அவன் உப்பில் கால் வைக்க வேண்டாம். கன்னியப்பன் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். சொல்லி முடித்துத் தனியாக சீட்டில் உட்கார்ந்தபோது, இந்த ஆட்டத்தைப் பார்க்காவிட்டால் இனி எப்போதும் இல்லை என்பது நெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டது.

ஆட்டத்தன்று காலையில் பையைத் தூக்கிக்கொண்டு கிளப் ஆட்களோடு முன்னதாகவே கிளம்பிய தம்பி, பஸ் சன்னல் ஓரமாக வந்து நின்றான்.

"அண்ணே, இன்னைக்கு நெசமாவே வந்து பாருண்ணே" என்றான்.

அப்படியென்றால் இத்தனை நாள் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. கன்னியப்பனுக்கு மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. தலையை மட்டும் ஆட்டினான்.

ஃபைனல் அன்றைக்கு ஜனம் சொல்லி மாளாது. டிக்கெட் கிடைக்காதவர்கள் சந்துக்குள் நுழைந்து, சுவரை ஒட்டி நின்ற பஸ்ஸைப் பார்த்தார்கள். டாப்பில் ஏறினால் சுவருக்கு மேலே பார்வை போகும் என்று எவனோ கண்டுபிடித்துவிட்டான். பின்னேணியில் தொற்றி ஏறினார்கள். டாப் நிறைந்து, பஸ்ஸுக்குள்ளும் நிறைந்து, சன்னல் கம்பிகளிலும் தொங்கினார்கள். கன்னியப்பனின் தலைக்கு மேலேயே ஊர் உட்கார்ந்து ஆட்டம் பார்த்தது. தகரம் நெளிந்தது. அவன் மிதித்தபடியே இருந்தான்.

"டிரைவரே, உன் தம்பிகிட்ட பந்து!" என்று மேலிருந்து ஒருவன் கத்துவான். பிறகு ஓ என்று ஓர் இரைச்சல். என்ன ஆயிற்று என்று இவன் கீழேயிருந்து கத்திக் கேட்டால் பதில் வராது. பார்க்கிறவனுக்குப் பதில் சொல்ல ஏது நேரம்?

இடைவேளை தாண்டியது. எந்தப் பக்கமும் கோல் விழவில்லை. கன்னியப்பனின் தொடை மரத்துப் போயிருந்தது. அப்போதுதான் அவன் கண்ணில் காலடியில் கிடந்த சின்ன உப்பு மூட்டை பட்டது. கோட்டக்குப்பத்துக் கருவாட்டுக் கடைக்குக் கொடுக்க வேண்டியது, இறக்க மறந்தது. உப்புக்காரன் புத்தி எங்கே போகும்? கல்லை வைத்தால் உருளும், உப்பு மூட்டை உட்கார்ந்த இடத்தில் அமுங்கி உட்காரும் என்று கணக்குப் போட்டான். மெதுவாகக் காலை நகர்த்தி மூட்டையை ஆக்சிலேட்டரின்மேல் சாய்த்தான். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. அவனால் நம்பவே முடியவில்லை.

பானட்டைத் தாண்டினான். படியில் நின்றவர்களை முட்டித் தள்ளிக்கொண்டு வெளியே விழுந்தான். "கொஞ்சம் வழி உடுங்கய்யா, என் தம்பி ஆடறான், என் தம்பி" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே ஏணியைப் பிடித்தான். பாதி ஏணியில் இருந்தபோது எஞ்சின் முனகியது. ஈர உப்பு சூட்டில் கசிந்து, வழுக்கி, மூட்டை ஒருக்களித்திருக்க வேண்டும். இரண்டு இருமல். பிறகு சத்தமே இல்லை.

முதலாளியின் முகம் ஒரு கணம் வந்து போனது. "செத்தா சாவட்டும்" என்று வாய்விட்டுச் சொல்லி, அடுத்த படியில் கால் வைத்தான். தலை டாப்புக்கு மேலே போனது. அங்கே அவன் பார்த்தது கால்கள். வேட்டியும் லுங்கியும் கால்சட்டையுமாக ஒரே கால்கள். ஓர் இடுக்கில் பச்சையாக ஏதோ கொஞ்சம் தெரிந்தது. அதை நோக்கிக் கழுத்தை நீட்டியபோது டாப்பே எழுந்து குதித்தது.

"கோலு! தட்சணாடா! தட்சணா!"

விசில் ஊதியது. ஆட்டம் முடிந்துவிட்டது. டாப்பில் இருந்தவர்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் அந்த ஒற்றை ஏணியில் இறங்கினார்கள். கன்னியப்பனையும் சேர்த்து இறக்கினார்கள். அவன் மேலே போகப் போராடினான். யாரும் அவனைப் பகைத்துத் தள்ளவில்லை, கட்டிப்பிடித்துத்தான் தள்ளினார்கள். "உன் தம்பி கோலு போட்டான்யா டிரைவரே" என்று முத்தம் கொடுத்த ஒருவன் அவனைப் படிவரை கொண்டு வந்து விட்டான்.

சந்துக்குள் பஸ்ஸுக்குப் பின்னால் கார்கள் வந்து ஹாரன் அடித்தன. முன்வாசல் கூட்டத்துக்குப் பயந்து பெரிய மனிதர்களைப் பின்பக்கமாகத் திருப்பிவிட்டிருந்தார்கள். வழியை அடைத்துக்கொண்டு செத்த பஸ். சிவப்புத் தொப்பி போலீஸ்காரர் லத்தியால் தகரத்தை அடித்தார். "யார்யா டிரைவர்? எடுய்யா வண்டிய!"

கன்னியப்பன் மறுபடியும் பானட்டைத் தாண்டி சீட்டில் விழுந்தான். அப்போது சன்னலில் ஒரு கை வந்து பட்டது. தட்சணா. சட்டை நனைந்து, முழங்காலெல்லாம் மண்.

"ஜீப்பு அந்தாண்ட நிக்குதுண்ணே. சொல்லிட்டு வர்றேன்னு ஓடியாந்தேன். பாத்தியாண்ணே?"

கன்னியப்பன் தம்பியின் முகத்தைப் பார்த்தான். ராத்திரிச் சாப்பாட்டில் எப்போதும் சொல்லும் அந்தப் பொய் அன்றைக்கு வாயில் வரவில்லை.

"இல்லடா. பாக்க முடியலடா தம்பி."

தட்சணா ஏதோ சொல்ல வாயெடுத்தான். லத்தி மறுபடியும் தகரத்தில் விழுந்தது. "இருண்ணே, மொதல்ல தள்ளி உட்டுட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் பின்னால் ஓடினான். அளத்து ஆள். பேச்சுக்கு முன்னால் கை வேலைக்குப் போய்விடும்.

பின்னாலிருந்து பஸ் அசைந்தது. ஐலசா என்று குரல் எழுந்தது. கன்னியப்பன் கியரைப் போட்டு, வேகம் வந்ததும் கிளட்சை விட்டான். ஒரு தரம் உதறியது. இரண்டாவது தரம் பிடித்துக்கொண்டது. ஜனங்கள் ஓடி ஓடி ஏறினார்கள். பின்னால் ஹாரன், முன்னால் போலீஸ்காரர் கையை வீசி, போ, போ, நிக்காத என்று விரட்டினார். நின்றால் அணையும். அணைந்தால் இந்தச் சந்து, இந்தக் கார்கள், இந்த லத்தி, அந்த அளம். கன்னியப்பன் மிதித்தான்.

பக்கத்துக் கண்ணாடியில் தம்பி தெரிந்தான்.

"அண்ணே! அண்ணே!" என்று பஸ்ஸுக்குப் பின்னால் ஓடி வந்தான் தட்சணா. சந்து முழுக்க ஜனம். ஒருவர் மேலும் படாமல், இந்தப் பக்கம் ஒரு சாய்ப்பு, அந்தப் பக்கம் ஒரு திருப்பம், சைக்கிளுக்கும் கைவண்டிக்கும் நடுவில் புகுந்து, வெறுங்கால் தரையில் பட்டதும் தெரியாமல், நிமிர்ந்த தலையோடு வந்தான். இதைத்தான் இத்தனை நாள் சொன்னார்களா என்று கன்னியப்பனுக்கு மேலெல்லாம் புல்லரித்தது. எவ்வளவு அழகாக ஓடுகிறான்! காலை எடுத்துவிடு, எடுத்துவிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. கால் கேட்கவில்லை. இத்தனை வருஷம் மிதித்தே பழகிய கால்.

சந்து முடியும் இடம் வரைக்கும் ஓடி வந்து தம்பி நின்றான். கையைத் தூக்கினான். கன்னியப்பனுக்குக் கையைத் தூக்கவும் முடியவில்லை. மார்க்கெட் பக்கம் ஸ்டியரிங்கை ஒடித்தான்.