ஜமீலா சேர்த்த ஒரு வரி

ஜமீலா இறந்த செய்தியை எனக்குச் சொன்னவர் கவிதா. போன வியாழக்கிழமை மதியம் அலுவலகத்துக்கு போன் வந்தது. "முரளி, ஜமீலா போயிட்டாங்க" என்றார். ஒரு காலத்தில் என் பெயரைக் கேட்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்ட கவிதா, இந்தச் செய்தியைச் சொல்ல என்னைத் தேடியதே ஜமீலா செய்துவிட்டுப் போன காரியம்தான்.

2004இல் அமெரிக்காவின் ரிச்சர்ட்சன் நகரத் தமிழ்ப் பெற்றோரின் மின்னஞ்சல் குழுவில் இருந்தவர்களுக்கு நினைவிருக்கும். டேகேர், வாடகை வீடு என்று போய்க்கொண்டிருந்த குழுவில் தட்டம்மை ஊசி பற்றி பயமுறுத்தும் மெயில்கள் வரத் தொடங்கிய சமயம். பெற்றோர் தடுப்பூசிக்கு ஏன் தயங்குகிறார்கள், இணையத்தில் அதை எப்படிப் பேசுகிறார்கள் என்று ஆராய்ந்துகொண்டிருந்தார் ஜமீலா. நம் எல்லோரிடமும் அனுமதி கேட்டுத்தான் குழுவில் சேர்ந்தார். நான் மாடரேட்டர். எதையும் ஆதாரத்தோடு பேசுகிற ஆள் என்று எனக்கு ரொம்பவே நினைப்பு.

ஒரு நாள் கவிதா, தன் சின்ன மகளுக்கு அந்த ஊசி போடப் பயமாக இருக்கிறது என்று குழுவில் எழுதினார். விடுவேனா? பதினோரு இணைப்புகளோடு ரிப்ளை ஆல் அடித்தேன். "படித்தவர்களே இப்படிக் கேட்டால் சிரிப்புத்தான் வருகிறது" என்று ஒரு வரியும் சேர்த்தேன். நாலைந்து பேர் சபாஷ் போட்டார்கள். அன்று மாலையே கவிதா குழுவை விட்டு விலகிவிட்டார்.

மறுநாள் ஜமீலா கூப்பிட்டார். பாராட்டத்தான் என்று நினைத்தேன்.

"நல்லா ஜெயிச்சிட்டீங்க முரளி. அந்தப் பாப்பாவுக்கு ஊசி போட்டாச்சா?"

"அது அவங்க டிசைட் பண்ண வேண்டியது."

"பண்ணிட்டாங்க. இருந்த அப்பாயின்ட்மென்ட்டையும் கேன்சல் பண்ணிட்டாங்க. உங்ககிட்ட சொல்லுங்கன்னு அவங்களேதான் சொன்னாங்க."

நான் எழுதியதில் ஒரு தப்பு காட்டுங்கள் பார்க்கலாம் என்று எகிறினேன். "ஒண்ணுகூட இல்ல. எல்லாத்தையும் சரியா எழுதித்தான் ஒரு அம்மாவை விரட்டியிருக்கீங்க" என்றார்.

அவர் ஆய்வில், பெற்றோர் ஊசியைத் தவிர்ப்பதற்கான காரணங்களுக்கு ஒரு பட்டியல் உண்டு. பயம், பழைய அனுபவம் என்று போகும். அதில் 'அவமானம்' என்ற காரணத்துக்கு உதாரணமாக, பெயரில்லாமல், என் மெயில். வதந்தி பரப்புகிறவர்களுக்குப் பக்கத்திலேயே எனக்கும் இடம்! "வேணாம்னா எடுத்துடறேன், அந்த ரைட் உங்களுக்கு இருக்கு" என்றார் ஜமீலா. எடுக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பத்து நாள் கழித்து, கவிதாவிடம் கேட்டுக்கொண்டு, இருவரும் அவர் வீட்டுக்குப் போனோம். "தடுப்பூசிங்கற வார்த்தையே உங்க வாயில வரக்கூடாது" என்பது காரிலேயே ஜமீலா எனக்குப் போட்ட நிபந்தனை. காபி ஜமீலாவுக்கு மட்டும் வந்தது. நான் மன்னிப்புக் கேட்டேன். கவிதா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூத்தவனுக்குப் போட்டப்ப என்ன ஆச்சு கவிதா?" என்று ஜமீலா கேட்டார். அவ்வளவுதான். ஊசி போட்ட ராத்திரி காய்ச்சல் ஏறி வலிப்பு வந்தது, மடியில் குழந்தை வெட்டி வெட்டி இழுத்தது, மறுநாள் டாக்டர் இரண்டே நிமிடத்தில் அனுப்பிவிட்டது, எல்லாம் வந்தது. நான் அந்த இணைப்புகளை அடுக்கும்போது இந்த அம்மாவின் மடியில் என்ன நடந்தது என்று யோசிக்கவே இல்லை. வெட்கமாக இருந்தது. ஜமீலா ஒரு இடத்திலும் மறுத்துப் பேசவில்லை. கடைசியில், "உட்கார்ந்து கேக்கற டாக்டர் ஒருத்தரை எனக்குத் தெரியும். நானும் கூட வரட்டுமா?" என்றார்.

கிளம்பும்போது எனக்கும் ஒரு காபி வந்தது.

மூன்று வாரம் கழித்து கவிதாவே கூப்பிட்டார். "போட்டாச்சு. நைட் ஃபுல்லா ஜமீலா எங்க வீட்லதான் இருந்தாங்க. காய்ச்சல் வரல."

ஜமீலா என்னைவிட இரண்டு வயது சின்னவர். நோய் அவரை இவ்வளவு சீக்கிரம் கொண்டுபோனதை என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை. ஆனால் எழுத உட்கார்ந்தால் நன்றிதான் முந்திக்கொண்டு வருகிறது. இப்போது புதிதாகப் பரவும் காய்ச்சலுக்கான ஊசி பற்றி மறுபடி மெயில்கள் வருகின்றன. பயந்து எழுதுகிறவர்களைக் கவிதாவும் நானும் பங்கு பிரித்துக்கொண்டு போனில் கூப்பிடுகிறோம். முதலில் கேட்கிறோம்.

அன்று ஆய்வு அச்சானதும் ஜமீலா எனக்கு ஒரு பிரதி கொடுத்தார். நான் இடம்பெற்ற பக்கத்தை மட்டும் மேசைமேல் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். என் மெயில் அப்படியே இருக்கிறது. அதன் கீழே சின்ன எழுத்தில் அவர் சேர்த்த ஆங்கில வரியைத் தமிழில் தருகிறேன்:

"இதை எழுதியவர் பிறகு அந்தத் தாயின் வீட்டுக்குச் சென்று, அவர் சொன்னதை முழுவதும் கேட்டார்."