அடிக்கோலால் அளந்த தூரம்

மார்ச் 11, செவ்வாய். ஐந்தேகாலுக்கு எழுந்தேன். தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற இருபத்திரண்டு நிமிடம். இட்லி மூன்று, மாத்திரை ஒன்று. மாலையில், சேலத்தில் வேலை பார்க்கும் மகன் கைப்பேசியில் ஓர் இணையப் பக்கத்தை அனுப்பினான். சேலம் விமான நிலையத்திலிருந்து புதுச்சேரி விமான நிலையத்துக்குப் பறக்கும் தூரம் நூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டர் சொச்சம். நேரம் முக்கால் மணி. மறுநாள் பத்தரைக்குப் புதுச்சேரியில், மருமகளின் தாய்வீட்டில், எங்கள் பேத்திக்குப் பெயர் வைக்கிறார்கள். "நீங்க கள்ளக்குறிச்சி, பாதி வழியில கீறீங்க. இருபது நிமிஷந்தாம்ப்பா!" என்று கேலி வேறு.

அந்த வழியில் விமானம் உண்டா என்று அந்தப் பக்கம் சொல்லவில்லை. ஒரு நீலக் கோடு மட்டும் கல்வராயன் மலையை அலட்சியமாகத் தாண்டிப் போனது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு கைப்பேசியின் மேல் அடிக்கோலை வைத்தேன். மனைவி பார்த்துவிட்டாள்.

"இன்னாங்க, மறுபடியும் அடிக்கோலா?"

அந்த 'மறுபடியும்' எங்கள் கல்யாணத்தைவிட மூத்தது. அப்போது நான் வெள்ளிமலையில் ஓர் அலுவலகத்தில் எழுத்தர். சுவரில் ஒரு வரைபடம். பசை வாசனைக்குக் கரப்பான் பூச்சிகள் அதன் ஓரத்தைத் தின்றிருந்தன. கச்சிராயபாளையத்தில் எனக்குப் பெண் பார்க்க ஏற்பாடு. அப்பாவும் அம்மாவும் நேராக அங்கே போய்விட்டார்கள். அன்று பார்த்து மலைப் பேருந்து வரவில்லை. வரைபடத்தில் அடிக்கோலை வைத்தேன். நடந்தால் மூன்றரை மணி நேரம். பத்தே முக்காலுக்குக் கிளம்பினால் இரண்டே கால். துண்டுச் சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

காவலாளி சடையன் எட்டிப் பார்த்தார். "கோட்டு மேலயா நடப்பீங்க சார்? நடுவுல மலை கீது. காக்காவுக்குப் போட்ட கணக்கு இது."

காக்கைக்கு முள் குத்தாது. எனக்குக் குத்தியது. செருப்பு வார் இரண்டாவது ஓடையில் அறுந்தது. பெண் வீட்டை அடைந்தபோது மணி ஆறு.

அப்பா என்னைப் பார்க்காமல் பேசினார். பெண்ணின் அப்பா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "நாளைக்கு வேற எடத்துலருந்து வராங்க. நீங்க கெளம்புங்க."

நான் என்ன செய்வேன்? சீட்டை எடுத்து நீட்டி, அடிக்கோலில் அளந்த கதையை மில்லிமீட்டர் விடாமல் விளக்கினேன். சமையலறையிலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. அடக்கப் பார்த்து, அடங்காமல், பாத்திரம் எதையோ தள்ளிவிட்ட சிரிப்பு. பெண்ணின் அம்மா வெளியே வந்தார். "நாளைக்கு யாரும் வர வேணாம்னு சொல்லி அனுப்புங்க. பொண்ணு சிரிச்சிடுச்சி."

அந்த ஒற்றையடிப் பாதை இப்போது இல்லை. நடக்க ஆளில்லாமல் செடி மூடிவிட்டது. சடையனும் இல்லை. சேதி தெரியாமலே ஒருவனுக்காக மூன்றே முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருக்கும் வழக்கமும் போய்விட்டது. இன்றாயிருந்தால் இரண்டே காலுக்கு என்னைக் கைப்பேசியில் அழைத்து, இரண்டரைக்கு வேறு மாப்பிள்ளை பார்த்திருப்பார்கள்.

"காலையில் ஏழு மணிக்குக் கிளம்பினால் போதும்" என்றேன், அடிக்கோலைப் பார்த்து.

"அஞ்சு மணி பஸ்ஸு" என்றாள்.

புதன் காலை அவள் சொன்ன ஐந்து மணிப் பேருந்துக்கே இருவரும் போனோம்; முதல் வேலையாக, புதுச்சேரிக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேரும் என்று நடத்துநரைக் கேட்டேன். "ஏறிக் குந்துங்க சார், போறப்போ போவும்" என்றார். நாட்குறிப்பில் அதை அப்படியே எழுதினேன். பக்கத்து இருக்கையில் அவள் சிரிப்பை அடக்கப் பார்த்தாள்.