பாயைச் சுருக்கிய கதை

உத்திரமேரூர் பஜாரில் பாய் விற்கிறவர் ஒரு பாய். கோரைப்பாய், பிளாஸ்டிக் பாய், கல்யாணப் பாய் எல்லாம் அவர் கடையில் கிடைக்கும். அவருக்கு ஒரு பெயர் இருக்கத்தான் செய்கிறது, ரேஷன் கார்டில். ஊருக்கு அவர் பாய். இந்த இரண்டு பாய்களுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நான் பட்ட பாட்டைத்தான் சொல்ல வந்தேன்.

கடைக்கு ஏற்கெனவே இணையத்தில் ஒரு பக்கம் இருந்தது. அவருடைய மருமகன் செய்து கொடுத்தது. புதுக் கேமராவில் எடுத்த படங்களை மனிதர் அப்படியே ஏற்றியிருந்தார். பெரிதாக்கிப் பார்த்தால் கோரையில் ஒட்டியிருக்கும் தூசுகூடத் தெரியும். அதற்கு முதலில் பக்கம் திறக்க வேண்டுமே. பெருநகர் என்கிற எங்கள் கிராமத்தில், வீட்டிலிருந்து திறந்து பார்த்தேன். சக்கரம் சுற்றியது, சுற்றியது, நான் நாஷ்டா முடித்துக் கையும் கழுவிவிட்டேன். அப்புறம்தான் முதல் பாயின் ஓரம் எட்டிப் பார்த்தது. பெரிய படம் போட்டால்தான் பெரிய கடை என்று நினைப்பார்கள் என்பது மருமகனின் தத்துவம். தத்துவத்தைச் சொல்லிவிட்டு அவர் வேலைக்குப் போய்விட்டார், துபாய்க்கு. அதிலும் ஒரு பாய் இருப்பதை இப்போதுதான் கவனிக்கிறேன்.

நான் அப்போது ஒரகடத்துக் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருந்தேன். விட்டுவிட்டேன் என்பது நான் சொல்வது. சொந்தக்காரர்கள் யாரும் அப்படிச் சொல்லவில்லை. "கம்ப்யூட்டர் படிச்ச பொண்ணு, வூட்லயே குந்திக்கினு கீதே" என்று அப்பாவிடம் துக்கம் விசாரித்தார்கள். ஆகவே பாய் கூப்பிட்டதும் ஓடினேன்.

"இன்னாமா, இத்த டக்குனு தொறக்க வெக்க முடியுமா?"

"முடியும் பாய். படமெல்லாம் வெயிட்டா கீது. சின்னது பண்ணணும்."

அவர் முகம் வாடிவிட்டது. "சின்னது பண்ணாதம்மா. ஆறடிப் பாயை நாலடின்னு நெனைச்சிக்குவாங்கோ."

பாய் சின்னதாகாது, படம்தான் சின்னதாகும் என்று விளக்க அரை நாள் பிடித்தது. கடைசியில் ஒரு பாயை எடுத்துச் சுருட்டிக் காட்டினேன். சுருட்டினாலும் அது ஆறடிதானே என்றதும் ஒப்புக்கொண்டார். "டக்குனு தொறந்துச்சுன்னா மாசச் சம்பளத்துக்கு இங்கயே இருந்துக்கோ. இல்லன்னா நான் மாப்பிள்ளையவே கேட்டுக்கறேன்" என்றார். அந்த வேலை எனக்கு வேண்டும். அதைவிட, முகம் பார்த்திராத அந்த மருமகன் தோற்க வேண்டும்.

படங்கள் இருநூற்று நாற்பது. ஒவ்வொன்றாக உட்கார்ந்து சுருக்க எனக்கென்ன பைத்தியமா? எல்லாவற்றையும் ஒரே போல்டரில் போட்டு, பாய் 1, பாய் 2 என்று பெயர் வைத்து, மொத்தமாகச் சுருக்கும் மென்பொருளிடம் ஒப்படைத்தேன். பாய் என்று ஆரம்பிக்கிற படத்தையெல்லாம் சதுரமாக்கு, எடையைக் குறை, சரக்குப் பட்டியலில் ஏற்று, எல்லாவற்றுக்கும் கீழே ஒரே குறிப்பைப் போடு. வாங்கி வைத்த டீ ஆறுவதற்குள் முடித்துவிட்டது. பக்கம் பட்டென்று திறந்தது. அன்று பஜாரில் நான் நடந்த நடையைப் பார்த்த எவருக்கும் எரிச்சல் வந்திருக்கும்.

மூன்றாம் நாள் முதல் ஆர்டர் வந்தது. பாய் பக்கத்துக் கடைகளுக்கெல்லாம் டீ சொல்லிவிட்டுப் போனை என்னிடம் நீட்டினார். ஊர் திருப்புலிவனம். சரக்கு: பாய். எண்ணிக்கை: ஒன்று.

"எந்தப் பாய்மா? நம்பரே இல்லியே."

பக்கத்தைத் திறந்தேன். அது என் வேலைத்திறனுக்கு ஏற்றபடி பட்டென்று திறந்தது. முதல் சரக்காகப் பாய் நின்றுகொண்டிருந்தார், வெள்ளைச் சட்டையில், சிரித்த முகமாக. 'எங்களைப் பற்றி' பக்கத்துக்காக நான் எடுத்த படம். அதற்கும் பாய் என்றுதான் பெயர் வைத்திருந்தேன். வேறென்ன வைப்பேன்? நம்பர் இல்லாததால் வரிசையில் முதலிடம் பிடித்துவிட்டார். சதுரத்தில் அமுக்கியதில் ஒரு சுற்றுப் பெருத்தும் இருந்தார். கீழே குறிப்பு: மடக்கி வைக்கலாம். ஈரத்துணியால் துடைக்கலாம். நிழலில் காய வைக்கவும். பிடிக்காவிட்டால் ஏழு நாட்களுக்குள் திருப்பி அனுப்பலாம்.

வேலை போயிற்று என்றே முடிவு செய்துவிட்டேன். பாய் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்தார்.

"நெழல்ல காய வெக்கணுமாமா?"

"பாய், தெரியாம..."

"திருப்பி அனுப்பலாம்னு வேற போட்டுக்கீது. என் வூட்டுக்காரம்மா பாத்தா, இத்த முன்னாடியே சொல்லலியேன்னு கேக்கும்."

அவர் சிரிக்கவில்லை. ஆர்டர் போட்டவருக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்கச் சொன்னார். எடுத்தது ஒரு அம்மா. படம் தவறாக ஏறிவிட்டது என்று நான் இழுத்தேன்.

"தெரியும்மா. நான் பாயைத்தான் கேட்டேன்" என்றார் அந்த அம்மா. "பொண்ணுக்குக் கல்யாணம். நீ போட்டுக்கற படமெல்லாம் ஸ்டாம்பு சைசுல கீது. எத்தன்னு எடுக்கறது? தடவிப் பாக்காம யாராவது கல்யாணப் பாய் வாங்குவாங்களா? பாய் படம் கீதே, அமுக்கினா ஆளு வருவாருன்னு அமுக்கினேன். வருவாரா, மாட்டாரா?"

வந்தார். வண்டியில் பத்துப் பாயைக் கட்டிக்கொண்டு பாயே போனார். சாயங்காலம் கயிறு மட்டும் திரும்பி வந்தது. கல்யாண வீடு போக மீதியைத் தெருக்காரர்கள் வாங்கிக்கொண்டார்களாம்.

மறுநாள் காலையில் கூப்பிட்டார். "மத்த படத்தையெல்லாம் எடுத்துடும்மா. என் படம் ஒண்ணு போதும். கீழ போன் நம்பரப் போட்டுடு."

"பாய், இருநூத்தி நாப்பது படம். கஷ்டப்பட்டுச் சுருக்கினேன்."

"நீதானேம்மா சொன்ன, கொறைச்சாத்தான் சீக்கிரம் தொறக்கும்னு?"

வயிற்றெரிச்சலோடு அழித்தேன். அதையும் மொத்தமாகத்தான் செய்தேன், சுருக்கியதைவிடச் சீக்கிரமாக முடிந்தது. இப்போது பெருநகர் பஸ் ஸ்டாப்பில், ஒற்றைக் கோடு சிக்னலில்கூட, விரலை எடுப்பதற்குள் பாய் வந்து நிற்கிறார். மருமகனே துபாயிலிருந்து போன் போட்டு, யார் செய்தது என்று விசாரித்தாராம்.

அந்த ஒரு நிமிடம் நான் ஜெயித்துவிட்டதாகவே நினைத்தேன். பாயும் இரண்டு மூன்று தடவை மூடித் திறந்து பார்த்துவிட்டு, திருப்தியாகப் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"அப்போ நாளைலேந்து உனக்கு இங்க இன்னா வேலைமா?" என்று கேட்டார். குத்தலாக இல்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.

எனக்கும் தெரியவில்லை.