கலியம்மாள் கட்டிக்கொண்ட காப்பு

விக்கிரமங்கலம் கலியம்மாள் சிங்கப்பூருக்கு மூன்று தடவை புறப்பட்டு, மூன்று தடவையும் வாசலைத் தாண்டாமல் வீட்டோடு நின்றுபோனவள். முதல் தடவை தெருவே கூடி வந்து வழியனுப்பியது. இரண்டாம் தடவை பாதித் தெரு வந்தது. மூன்றாம் தடவை எதிர்வீட்டு மேகலா மட்டும் கையில் கிண்ணத்தோடு வந்தாள்.

"நீ போவியோ மாட்டியோ, அது கொரோனாவுக்குத்தான் தெரியும். வழியனுப்புற கோழிக்கொழம்பு வச்சிருந்தின்னா இதுல ஊத்து, நான் போறேன்" என்றாள்.

கலியம்மாளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. குழம்பை ஊற்றிக் கொடுத்துவிட்டு, கட்டி வைத்த பையை மூன்றாவது தடவையாகப் பிரிக்க உட்கார்ந்தாள். பிரசவ மருந்துப் பொடி, வெயிலில் காய்ந்த முந்திரி, பிள்ளைக்குச் சுற்றப் பழைய வேட்டித் துணி எல்லாம் திரும்பவும் அலமாரிக்குப் போயின.

மகள் சண்முகப்பிரியா அங்கே இருக்கிறாள். மருமகன் ராஜவேலுக்குக் கம்பெனி வேலை. கல்யாணமாகிப் பல வருஷம் கோயில் கோயிலாக வேண்டி, இப்போதுதான் வயிற்றில் ஒன்று தங்கியிருக்கிறது. தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டுக்கு வர வேண்டும். நோய்க்காலத்தில் அவளால் வர முடியவில்லை. அப்படியென்றால் தாய்வீடுதான் அவளைத் தேடிப் போக வேண்டும் என்று கலியம்மாள் முடிவு கட்டிவிட்டாள். பிள்ளை பிறக்கும்போது பக்கத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை.

ஆனால் விதி நாளுக்கு ஒன்றாக மாறியது. ஒரு நாள், போய் இறங்கியதும் பதினாலு நாள் அறைக்குள் அடைந்திருக்க வேண்டும் என்றார்கள். பிறகு ஏழு நாள் போதும் என்றார்கள். அப்புறம் இந்தியாவிலிருந்து யாருமே வர வேண்டாம் என்றார்கள். கலியம்மாள் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள். வருஷம் தவறாமல் விரதமிருந்து மாரியம்மனுக்குப் பால்குடம் எடுக்கிறவள். ஒரு அறைக்குள் உட்கார்ந்திருப்பதா அவளுக்குக் கஷ்டம்?

பங்குனி மாதத்தில் ஒரு நாள் ஜெயங்கொண்டத்திலிருந்து ஜெயசுதாவின் போன் வந்தது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டிராவல்ஸ் ஆபீசில் டிக்கெட் போடும் பெண் அவள்.

"அம்மா, நல்ல சேதி! ரூல மாத்திட்டாங்க. அங்க போயி ரூமுக்குள்ள அடஞ்சி கெடக்க வேணாம்."

"ஆத்தா, தாயே! அப்பறம் என்னா பாப்பா செய்யணும்?"

"ரெண்டு ஊசி போட்ட சர்ட்டிபிகேட் இருக்கு. கெளம்புறதுக்கு முன்னாடி மூக்குல டெஸ்ட்டு எடுக்கணும். அப்பறம் காப்பீடு கட்டணும். அது ரொம்பக் கண்டிப்பு. கட்டாதவங்கள ஏத்தவே மாட்டாங்க."

அந்த நேரம் பார்த்து ஒரு கும்பகோணம் பஸ் ஹாரன் அடித்தது. அது காப்பீடு என்ற சொல்லின் வாலைக் கடித்துத் தின்றுவிட்டது. கலியம்மாள் காதில் விழுந்தது 'காப்பு கட்டணும்' என்பதுதான்.

"நாங்களே போட்டுத் தரட்டுமா, நீங்க கட்டிக்கிறீங்களா?"

"நீ எதுக்குப் பாப்பா செரமப்படுற? இங்க நம்மூர்லயே ஞாயித்துக்கெழம கட்டுறாங்க. நானே கட்டிக்கிறேன்."

போனை வைத்துவிட்டுக் கலியம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கண் கலங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைதான் தெரு மாரியம்மனுக்குக் காப்பு கட்டுகிறார்கள். மஞ்சள் கிழங்கு முடிந்த நூலைக் கையில் கட்டிக்கொண்டால், மறு ஞாயிறு பால்குடம் எடுத்துக் காப்பு அவிழ்க்கிறவரை ஒருவேளைச் சோறு, கவிச்சி கிடையாது, ஊர் எல்லைக்கு வெளியே இராத்தங்கக் கூடாது. யோசித்துப் பார்த்தால் கவர்மெண்டு சொன்ன தனிமையும் இதுதானே! இத்தனை நாள் வேறு பேரில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள். சிங்கப்பூரிலும் மாரியம்மன் கோயில் இருக்கிறது. பிரியா போனில் கோபுரத்தைக் காட்டியிருக்கிறாள். ஆத்தா இருக்கிற ஊரில் ஆத்தா சட்டம் வராமல் எந்தச் சட்டம் வரும்?

புருஷன் வைரக்கண்ணுவுக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை. "ஏ புள்ள, ஒரு கவர்மெண்டு போயி காப்பு கட்டச் சொல்லுமா?" என்றார்.

"ஏன் சொல்லாது? சுத்தபத்தமா வர்ற ஆளத்தான உள்ள வுடுவாங்க. ஒங்கள மாதிரி கறி தின்னுட்டு ஏப்பம் வுடுற ஆளயா வுடுவாங்க?"

அவர் எழுந்து திண்ணைக்குப் போய்விட்டார்.

ஞாயிறு மாலை பூசாரி சாமிதுரை கலியம்மாளின் இடது மணிக்கட்டில் காப்பைக் கட்டினார். தெருவில் எதிர்ப்பட்ட எல்லோரிடமும் அவள் கையைத் தூக்கிக் காட்டி, "சிங்கப்பூர் ரூலு" என்றாள். மேகலா, "அப்பிடின்னா எனக்கும் ஒண்ணு கட்டச் சொல்லேன். நானும் ஏறி ஒக்காந்துக்கிறேன்" என்றாள்.

செவ்வாய்க்கிழமை ஜெயசுதா மறுபடி கூப்பிட்டாள்.

"அம்மா, வெள்ளிக்கெழமைக்கு சீட் கெடச்சிருச்சி, திருச்சியிலேர்ந்து! காப்பீடு கட்டிட்டீங்கள்ல?"

"கட்டியாச்சி பாப்பா. ஞாயித்துக்கெழமயே கட்டியாச்சி."

"எந்தக் கம்பெனியில?"

"கம்பெனியா? மாரியம்மன் கோயில்லம்மா."

"கோயில்லயா? யாரு கட்டுனாங்க?"

"சாமிதுரை அண்ணந்தான். வருசா வருசம் அவருதான் கட்டுவாரு."

"பேப்பரு எதாவது குடுத்தாங்களா?"

"பேப்பரு எதுக்குப் பாப்பா? மஞ்சக் கெழங்கு வச்சிக் கட்டுனாரு. துண்ணூறு குடுத்தாரு."

அந்தப் பக்கம் ஏதோ விழுந்த மாதிரி கேட்டது. ஜெயசுதா மேசையில் தலையை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்கி, திணறி, கடைசியில் சொன்னாள்: "அம்மா, அது காப்பு இல்லம்மா. காப்பீடு. இன்சூரன்சு! அங்க போயி கொரோனா வந்துட்டா ஆஸ்பத்திரிச் செலவுக்கு."

கலியம்மாளுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இரண்டு பேரும் மாற்றி மாற்றிச் சிரித்தார்கள். "வுடுங்கம்மா, அத நான் இப்பவே போட்டுர்றேன்" என்றாள் ஜெயசுதா.

சிரித்து முடித்த பிறகுதான் கலியம்மாளுக்கு உறைத்தது. விமானம் வெள்ளிக்கிழமை. காப்பு அவிழ்ப்பதோ ஞாயிற்றுக்கிழமை. போவதற்காகக் கட்டிக்கொண்ட காப்பு போகவிடாமல் கட்டிப்போட்டுவிட்டது.

"வெள்ளிக்கெழமைய வுட்டா அடுத்தது எப்பப் பாப்பா?"

"மாசக் கடைசிதான்மா. அதுக்குள்ள ரூலு என்னா ஆவுமோ, யாரு கண்டா?"

பிரியாவுக்கு டாக்டர் சொன்ன நாள் அடுத்த வாரம்.

கலியம்மாள் தலையில் முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு நேராகக் கோயிலுக்கு நடந்தாள். வைரக்கண்ணு துண்டை உதறிக்கொண்டு பின்னாலேயே ஓடினார். மேகலாவும் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

சாமிதுரை நடந்ததைக் கேட்டார். சிரிக்கக் கூடாது என்று மீசையைக் கடித்துக்கொண்டார். "தங்கச்சி, கட்டுன காப்ப நடுவுல அவுக்குறது எங்கையில இல்ல. ஆத்தாகிட்டப் பூ கேப்போம். அவ குடுத்தா போ" என்றார்.

அம்மனின் இரண்டு தோளிலும் ஈரத்தோடு ஒவ்வொரு அரளிப்பூ ஒட்டி வைத்தார். வலது பக்கத்துப் பூ முதலில் விழுந்தால் உத்தரவு. இடது பக்கம் விழுந்தால் இல்லை. கலியம்மாள் கண்ணை மூடினாள். "ஆத்தா, நாந் தப்பாக் காதுல வாங்கிட்டேன். ஆனா ஒன் பேர்ல உள்ள நம்பிக்கையிலதான் கட்டுனேன். எம்மவ தனியாக் கெடக்குறா. நீயும் புள்ளத்தாச்சிய காப்பாத்துறவதான" என்று மனசுக்குள் பேசினாள்.

பூ அசையவில்லை. விளக்குத் திரி ஒரு தடவை படபடத்து அடங்கியது. எங்கோ ஆடு கத்தியது. பூ இரண்டும் ஒட்டியது ஒட்டியபடி இருந்தன. கலியம்மாள் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

வைரக்கண்ணுவால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. கோயிலில் வாயைத் திறக்காத மனுஷன், திடீரென்று கையைத் தலைக்கு மேல் கூப்பினார். "ஆத்தா, அவள வுட்டுரு! அவ காப்ப நான் கட்டிக்கிறேன். வெரதமும் நான் இருக்கேன். பால்கொடமும் நானே எடுக்குறேன்!"

சொல்லி வாய் மூடவில்லை, வலது தோள் பூ பொத்தென்று விழுந்தது.

குலவைச் சத்தம் தெருவைத் தூக்கியது. முதலில் குலவையிட்டவள் மேகலா. வைரக்கண்ணு விழுந்த பூவையே பார்த்துக்கொண்டு நின்றார். "இவ்வளவு வெரசாவா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஒங்க வாயிலேர்ந்து அந்த வார்த்த வரட்டும்னுதான் ஆத்தா காத்துக்கெடந்தா மச்சான்" என்றாள் மேகலா. "கறிச்சட்டியக் கழுவிக் கவுத்துருங்க!"

சாமிதுரை கலியம்மாள் கையிலிருந்த முடிச்சை அவிழ்த்தார். புருஷனும் பெண்டாட்டியும் ஒரே வீட்டு வேண்டுதல் என்பதால் காப்பு கை மாறலாம் என்று சொல்லி, அதே நூலை வைரக்கண்ணுவின் வலது கையில் கட்டினார். மனுஷனுக்கு மணிக்கட்டு பெரிது. நூல் எட்டாமல் இன்னொரு துண்டு சேர்த்து முடிய வேண்டியிருந்தது.

மூக்கில் குச்சி விட்டபோது கலியம்மாளுக்குத் தும்மலும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. டெஸ்ட்டில் நோய் இல்லை என்று வந்தது. காப்புக் கட்டியவர் வெளியே இராத்தங்கக் கூடாது என்பதால் வைரக்கண்ணு திருச்சி வரை வந்து அவளை உள்ளே அனுப்பிவிட்டு, கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மஞ்சள் வேட்டி ஓடுவதைப் பார்த்து அவளுக்கு ஒரு பக்கம் பாவமாக இருந்தது. ஒரு பக்கம், கல்யாணமான புதிதில் அவரைப் பார்த்த மாதிரி வெட்கமாகவும் இருந்தது.

விமானம் மேலே எழும்பியபோது, சீட்டின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தாள். "மாரியம்மா, புடிச்சுக்க" என்றாள் சத்தமாக. பக்கத்துச் சீட்டுக்காரரும் கும்பிட்டுக்கொண்டார்.

பதினோராவது மாடியில் கதவு திறந்தது. பிரியா நின்றாள். கன்னம் உப்பி, கால் வீங்கி, வயிறு முன்னால் தள்ளிக்கொண்டு. நேராகக் கட்டிப்பிடிக்க வழியில்லை. கலியம்மாள் இந்தப் பக்கம் வந்தாள், அந்தப் பக்கம் போனாள், கடைசியில் பக்கவாட்டில் நின்று மகளின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். மருமகன் பையை வாங்கிக்கொண்டு ஒதுங்கி நின்றார்.

அடுத்த நிமிஷமே ஊரிலிருந்து வீடியோ கால். வைரக்கண்ணு முகம் பட்டினியில் வாடியிருந்தது. "போயி சேந்திட்டியா புள்ள? இங்க ரசஞ்சோறு, அதுவும் ஒருவேள. இன்னிக்கு மேகலா வூட்டுல கருவாடு வறுத்தா. ரெண்டு தெரு தள்ளிப்போயி ஒக்காந்துட்டு வந்தேன்."

காப்பு கை மாறிய கதையைக் கலியம்மாள் சொல்லச் சொல்ல, பிரியா சோபாவில் சாய்ந்து சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்தது. அப்புறம் சட்டென்று வயிற்றைப் பிடித்தாள்.

"அம்மா... வலிக்குது."

"சிரிச்ச வலியா, நெசமான வலியா?"

பிரியா ஒரு நிமிஷம் கண்ணை மூடிப் பார்த்தாள். மறுபடி ஒன்று வந்தது.

"ரெண்டுந்தான்மா."

ராஜவேல் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு டாக்சி பிடிக்க ஓடினார். கலியம்மாள் மகளின் கையைத் தன் கைக்குள் இறுக்கிக்கொண்டாள். "வலிக்கிறப்ப எங்கைய நல்லா நசுக்கு பாப்பா. அதுக்குத்தான் வந்திருக்கேன்" என்றாள்.