மாலை வாங்கித் தந்த அட்டை

போன சனிக்கிழமை எனக்கு மாலை போட்டார்கள்.

கல்யாணமும் இல்லை, எலெக்‌ஷனும் இல்லை. ஓர் அட்டைக்காக. காலண்டருக்குப் பின்னால் இருக்குமே, அந்த மாதிரி சாதாரண அட்டைதான். கொஞ்சம் பெரியது. அதில் நான் கோடு போட்டு, கட்டம் போட்டு, புள்ளி வைத்திருந்தேன்.

“மாலை உங்களுக்கா, அட்டைக்கா?” என்று வீட்டில் கேட்டாள் என் மனைவி. சிரித்துவைத்தேன். இப்போது யோசித்தால் நல்ல கேள்வி.

வாராவாரம் இந்த இடத்தில் என் பல்வலியையும் சைக்கிள் பிரேக்கையும் படித்துப் பொறுத்துக்கொண்ட உங்களுக்கு என் உத்தியோகம் தெரியும். காஜா பேராங்கில் ஒரு சின்னக் காலேஜில் கிராணி – ரெஜிஸ்டர் எழுதும் குமாஸ்தா. காலேஜ் என்றதும் மணிக்கூண்டு, புல்வெளி என்று நினைத்துவிடாதீர்கள். ஐந்து அறை, தகரக் கூரை. மழை பெய்தால் வாத்தியார் சொல்வது முதல் பெஞ்சுக்கே கேட்காது. ஆசிரியர் பயிற்சிக்குப் போக நினைக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வருஷம் பாடம் நடத்தித் தேர்வுக்கு அனுப்புகிறோம். ஜனவரியில் சேர்க்கை, டிசம்பரில் தேர்வு. மொத்தம் நாற்பது இடம். அதற்கு மேல் ஒரு தலை இருந்தாலும் இன்ஸ்பெக்டர் லைசென்ஸில் கை வைத்துவிடுவார். தேர்வுக்கு வயது வரம்பும் உண்டு – இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாலைக்குக் காரணம்? போன வருஷம் ஜனவரியில் சேர்ந்த நாற்பது பேரும் டிசம்பரில் தேர்வு எழுதினார்கள். ஒருவர்கூட நடுவில் போகவில்லை. எங்களைப் போன்ற சின்னக் காலேஜ்களில் இது நடக்கிற காரியமா? அந்த அதிசயத்தைப் பார்க்க மூவாரிலிருந்து ஒரு பிரின்சிபலும் சிரம்பானிலிருந்து ஒரு பிரின்சிபலும் வந்திருந்தார்கள். தேத்தண்ணி, கறிபாப், பேச்சு. “இவரு வெறும் கிராணி இல்ல. நம்ம காலேஜோட மூளை” என்றார் எங்கள் பிரின்சிபல். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அந்த அட்டை எப்படிப் பிறந்தது என்று சொல்கிறேன்.

மெர்டேக்கா என்று சுதந்திரம் வந்த புதிது. நாடே புதுச் சட்டை போட்டுக்கொண்டு நின்றது. புதுப் பள்ளிகள், புது வாத்தியார்கள் வேண்டும் என்றார்கள். எங்கள் வகுப்பில் ஜனவரியில் முழங்கை இடிக்கும். தீபாவளிக்குள் பெஞ்சில் காலை நீட்டிப் படுக்கலாம். பாதிப் பிள்ளைகள் காணாமல் போயிருப்பார்கள். ரெஜிஸ்டரில் பெயருக்கு நேரே சிவப்பு மையில் ஒரு கோடு இழுப்பது என் வேலை. இழுத்து இழுத்து எனக்கே வெறுத்துவிட்டது.

“ஏன் கிராணி போறாங்க?” என்றார் பிரின்சிபல்.

“இங்கிலீஷ் வரல சார்” என்றேன். எல்லாரும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தோம். மாலையில் தனியாக இங்கிலீஷ் வகுப்பு வைத்தோம். அப்போதும் போனார்கள்.

எனக்கு ஒரு கெட்ட குணம். ஒரு விஷயம் பிடிபடவில்லை என்றால் சோறு இறங்காது. பழைய ரெஜிஸ்டர்களை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு, போன பிள்ளைகளை ஒவ்வொருவராக அட்டையில் ஏற்றினேன். வயது, மார்க், எங்கிருந்து வருகிறார்கள், எத்தனை பஸ் மாறுகிறார்கள், முதலில் லீவு போட்ட நாள், கடைசியாக வந்த நாள். இப்போது இதற்குப் புள்ளிவிவரம் என்று பெரிய பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்கு அது அட்டை.

அட்டை என் முகத்தில் அறைந்தது. போனவர்கள் மக்குப் பிள்ளைகள் இல்லை! பாதிப் பேர் வகுப்பில் முதல் வரிசை. பஸ் தூரமும் காரணமில்லை. ஆனால் ஒரே மாதத்தில் போனவர்கள் எல்லாரும் ஒரே ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகள். அடுத்த மாதம் போனவர்கள் இன்னொரு தோட்டம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிளை மிதித்துக்கொண்டு அந்த முதல் தோட்டத்துக்குப் போனேன். தொழிலாளிகள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளில் கதவுகளைக் கழற்றியிருந்தார்கள். வெள்ளைக்காரத் துரை தோட்டத்தை விற்றுவிட்டுக் கப்பலேறிவிட்டார். வாங்கியவர்கள் அதைத் துண்டு துண்டாக அறுத்து வேறு ஆட்களுக்கு விற்றுவிட்டார்கள். துண்டு வாங்கியவர்களுக்கு எதற்கு இத்தனை கூலிகள்? எதற்கு லயம்? ஜனங்கள் பானை சட்டியைக் கட்டிக்கொண்டு திசைக்கு ஒருவராகப் போய்விட்டார்கள். எங்கள் ரெஜிஸ்டரில் விழுந்த சிவப்புக் கோடு ஒவ்வொன்றும் ஒரு வீடு காலியான நாள். நாங்கள் இங்கே இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தோம்.

வெகு நேரம் அங்கேயே நின்றேன். அழுதேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. அழுதேன்.

திரும்பி வந்து, எந்தெந்தத் தோட்டத்தில் விற்பனைப் பேச்சு நடக்கிறது, எங்கெங்கே நிலம் அளக்கிறவர்கள் வந்து போனார்கள் என்று விசாரித்தேன். பஸ் கண்டக்டர்களைக் கேட்டால் எல்லாம் தெரியும். அந்தத் தோட்டங்களுக்கு நேரே அட்டையில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தேன். என் திட்டம் இதுதான் – புள்ளி விழுந்த தோட்டத்துப் பிள்ளைகளுக்கு, வீடு போவதற்கு முன்பே டவுனில் இடம் பிடித்துக் கொடுத்துவிட வேண்டும். எங்கள் காலேஜுக்குப் பின்னாலேயே கம்போங் செட்டி. அங்கே ஒரு மக்சிக்கிடம் – அந்த வீட்டு அம்மாவிடம் – போய் அறை கேட்டேன். அந்தக் கம்போங் ஆட்களும் நம்மைப் போல சாமி கும்பிடுகிறவர்கள்தான், பேசுவது மட்டும் மலாய். “போலே, பிலிக் அடா” என்றார். சரி, அறை இருக்கிறது, அனுப்பு என்று.

நல்ல திட்டம்தானே? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அந்த டிசம்பரில் புதுச் சேர்க்கைக்கு இன்டர்வியூ. பிரின்சிபல் மேஜைக்குப் பின்னால் சுவரில் என் அட்டை தொங்கியது. பக்கத்தில் பெருமையோடு நான்.

ஒரு பெண் வந்தாள். பெயர் சரோஜா. நாங்கள் வைத்த பரீட்சையில் அவள்தான் முதல். ஏதோ ஒரு காகிதத்தை நாலாக மடித்துக் கையில் வைத்திருந்தாள். கேட்ட கேள்விக்கெல்லாம் நிமிர்ந்து பதில் சொன்னாள். பிரின்சிபலுக்குச் சந்தோஷம். பேனாவைத் திறந்தவர், என்னவோ நினைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

“எந்தத் தோட்டம் கிராணி?”

“ஒத்தப்பாலம் சார்.” அந்தத் தோட்டத்துக்கு நம் ஜனங்கள் வைத்த பெயர் அது.

“சிவப்பா?”

“சிவப்புதான் சார்.”

அவ்வளவுதான் நான் சொன்னது. இரண்டே வார்த்தை.

பிரின்சிபல் கெட்டவர் இல்லை. அதை எழுதியே ஆக வேண்டும். பேனாவை மூடி வைத்துவிட்டு, பொறுமையாக விளக்கினார். “இங்க பாரும்மா. ஒனக்கு சீட் குடுத்தா ஜூன்ல போயிடுவே. அந்த எடத்துல வேற ஒரு புள்ள முழுசாப் படிக்கலாமில்ல? வருஷம் பாதியில எடம் காலியானா யாருக்கு லாபம்?”

“நான் போக மாட்டேன் சார்” என்றாள் சரோஜா.

“எல்லாரும் அப்படித்தாம்மா சொல்றாங்க.”

“நான் போக மாட்டேன் சார்.”

அட்டையில் வயதுக்குக் கட்டம் இருந்தது, பஸ்ஸுக்குக் கட்டம் இருந்தது. அவள் சொன்னதை எழுத ஒரு கட்டம் இல்லை. ‘கம்போங் செட்டியில் அறை இருக்கிறது சார்’ என்று நான் வாயைத் திறந்திருக்கலாம். ஏன் திறக்கவில்லை? இந்த ஒரு வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்ட பதில் – பிரின்சிபல் பேசும்போது கிராணி குறுக்கே பேசலாமா? பொய். என் அட்டை சொன்னபடி ஒரு பெரிய மனிதர் முடிவெடுக்கிறார் என்பது எனக்குப் பிடித்திருந்தது. அதுதான் நிஜம்.

அவள் போய்விட்டாள். அன்று சிவப்புத் தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாரையுமே திருப்பி அனுப்பினோம். அதன் பிறகு வேலை சுலபமாகிவிட்டது. யாருக்கும் அறை தேட வேண்டியதில்லை. மக்சிக் வீட்டுப் பக்கமே நான் போகவில்லை. வருஷம் முழுக்க நாற்பது பேர் நாற்பதாகவே இருந்தார்கள். சென்ற மாதம் அடுத்த சேர்க்கைக்கு விண்ணப்பப் பாரம் அச்சடித்தபோது, ‘எந்தத் தோட்டம்?’ என்று ஒரு கேள்வியை நானே சேர்த்தேன். சிவப்புத் தோட்டத்துப் பாரங்களை ஒரே மத்தியானத்தில் பிரித்து, சணல் கயிற்றால் கட்டி, அலமாரியில் போட்டேன். அவர்களை இன்டர்வியூவுக்கே கூப்பிடவில்லை. எவ்வளவு நேரம் மிச்சம்!

சனிக்கிழமைக்கு வருவோம். மாலை விழுந்தது, கை தட்டினார்கள். சிரம்பான் பிரின்சிபல் அட்டையைத் தன் நோட்டில் அப்படியே வரைந்துகொண்டார். மூவாரிலிருந்து வந்தவர் மட்டும் கறிபாப்பைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் மெல்லக் கேட்டார்.

“சீட் கெடைக்காத புள்ளைங்க நெஜமாவே போயிட்டாங்களா கிராணி? யாராச்சும் பார்த்தீங்களா?”

நான் சிரித்தேன். கேள்வி புரியாதவன் சிரிக்கும் சிரிப்பு.

மறுநாள் பொங்கலுக்குத் துணி எடுக்க மனைவியோடு ஜாலான் பெண்டஹாராவுக்குப் போனேன். வழக்கமான ஜவுளிக்கடை இல்லை, அதற்கு எதிர்க்கடை. துணியை அளந்துகொண்டிருந்த பெண் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“காலேஜ் கிராணி சார்தானே? நல்லா இருக்கீங்களா?”

“நீ... ஒத்தப்பாலம்...”

“ஒத்தப்பாலந்தான் சார். இப்ப அங்க ஒண்ணும் இல்ல. நீங்க சொன்ன மாதிரியே ஜூனுக்குள்ள லயத்த ஒடச்சிட்டாங்க. அப்பா, அம்மா, தம்பி எல்லாம் கப்பலேறி ஊருக்குப் போயிட்டாங்க.”

“நீ போகலியா?”

“அன்னைக்கே சொன்னேனே சார், போக மாட்டேன்னு.”

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் துணியைப் பார்த்தேன்.

“எங்கே தங்கியிருக்கேம்மா?”

“கம்போங் செட்டியில, ஒரு மக்சிக் வீட்டுல. அன்னைக்கு இன்டர்வியூக்கு வந்தப்பவே ரூம் பேசிட்டுத்தான் சார் வந்தேன். அட்ரஸ்கூட எழுதி வாங்கிட்டு வந்தேன். யாரும் கேக்கல.” கத்திரிக்கோலை நேராக ஓட்டித் துணியை வெட்டினாள். “ஒங்க காலேஜு மணி எங்க ரூமுக்கு நல்லாக் கேக்கும் சார். அது அடிச்சாத்தான் நான் கடைக்குக் கெளம்புவேன். இதுவரைக்கும் ஒரு நாளும் லேட்டானதில்ல.”

மடித்துக் கட்டிய துணியை என் மனைவியிடம் கொடுத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“இந்தத் தடவையும் பாரம் போட்டேன் சார். லெட்டரே வரல. எதாச்சும் தப்பா எழுதிட்டேனா?”

பார்த்துச் சொல்கிறேன் என்றேன். வேறு என்ன சொல்வது?

திங்கட்கிழமை காலை அலமாரியைத் திறந்து கட்டை அவிழ்த்தேன். கீழிருந்து நாலாவது பாரம். ‘எந்தத் தோட்டம்?’ என்ற என் கேள்விக்கு நேரே, ‘ஒத்தப்பாலம்’. கேட்டதற்கு உண்மையைச் சொல்லியிருக்கிறாள். அதன்மேல் என் சிவப்புப் புள்ளி. கீழே, வேறு விவரம் என்ற இடத்தில், அழகான கையெழுத்தில் இரண்டு வரி – ‘நான் இப்போது கம்போங் செட்டியில் குடியிருக்கிறேன். காலேஜுக்கு நடந்து வர ஐந்து நிமிடம்.’ அந்த இரண்டு வரியை நான் படிக்கவே இல்லை. புள்ளி வைத்தபின் எதற்குப் படிக்க வேண்டும்?

அப்புறம் பிறந்த தேதியைப் பார்த்தேன். அவள் தேர்வு எழுத வயது வரம்பு இந்த வருஷத்தோடு முடிகிறது.

பாரத்தை எடுத்துக்கொண்டு பிரின்சிபல் அறைக்கு ஓடினேன். அவர் இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“தப்புப் பண்ணிட்டோம் கிராணி. ஆனா எடத்துக்கு எங்க போறது? நாப்பதும் போன வாரமே முடிஞ்சிருச்சே. வந்து ஒக்காந்த புள்ளய எழுப்பி விடவா முடியும்?” சுவரிலிருந்த அட்டைப் பக்கம் திரும்பினார். “ஒண்ணு செய்யலாம். நடுவுல யாராச்சும் விலகினா, மொத எடம் அந்தப் பொண்ணுக்கு. எழுதி வச்சுக்குங்க.”

எழுதி வைத்துக்கொண்டேன். அன்று சாயங்காலமே கடைக்குப் போய்ச் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். அதை அவள் காதில் வாங்கவே இல்லை, முகம் அப்படி மலர்ந்துவிட்டது.

“யாராச்சும் விலகினாப் போதுமா சார்? வருசா வருசம் யாராச்சும் பாதியில போவாங்கதானே?”

எங்கள் காலேஜை விட்டு இப்போது யாரும் பாதியில் போவதில்லை. அதற்குத்தானே எனக்கு மாலை போட்டார்கள்.